மரத்தில் பழுத்த சீப்பு

வளப்பூர் நாடு, கொல்லிமலை
வெகுதானிய வருஷம், தை 14

மாப்பிள்ளை அருணாசலத்துக்கு மாமன் அர்த்தனாரி ஆசீர்வாதத்துடன் எழுதியது. மலையில் பனி அதிகம், மற்றபடி எல்லாரும் சுகம். உன் அக்காள் பொன்னம்மாளுக்கு முழங்கால் வலி தேவலை. திருச்சி வெயில் உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா என்று இரண்டு வரி எழுதினால் அவள் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்குவாள்.

சங்கதிக்கு வருகிறேன். துறையூர்க் காளியண்ணன் உனக்குத் தெரியும், கொழும்பில் பெரிய சாப்பாட்டு ஓட்டல் நடத்துகிறவர். தீபாவளிக்கு ஊர் வந்தவர் மிளகு பார்க்க மலையேறினார். சின்னான் தோட்டத்தில் மரத்திலேயே பழுத்த மலைவாழைப் பழத்தைக் கையில் கொடுத்தேன். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர் பேச்சைப் பாதியில் விட்டு அடுத்த பழத்துக்குக் கை நீட்டினார். இதே ருசியில் கொழும்பில் என் ஓட்டல் இலைக்கு வருமா என்று கேட்டார். ரயிலிலும் கப்பலிலும் வராது. பழுத்ததை வைத்தால் வழியிலேயே கூழாகிவிடும். காயாக வைத்தால் போய்ப் பழுக்கும், ஆனால் இந்த ருசி இருக்காது. அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. விமானத் திடலில் சரக்கு ஏற்றும் ஆபீசில் நம் பையன் நிற்கிறான், கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆகவே விசாரித்து எழுது. திருச்சித் திடலிலிருந்து கொழும்புத் திடல் எத்தனை மைல்? ஏறினால் எவ்வளவு நேரத்தில் இறங்கும்? நடுவில் எங்கேயாவது தங்குமா? என் பழக்கம் உனக்குத் தெரியும். வழி எவ்வளவு என்று தெரியாமல் நான் குலையில் கத்தி வைப்பதில்லை. துறையூர்ச் சந்தைக்கு நன்றாக முற்றியது, திருச்சிக்குக் கொஞ்சம் முன்னால், அதற்கும் அப்பால் என்றால் முக்கால் முற்றல். விமானம் அன்றைக்கே போய் இறங்கும் என்றால் மரத்தில் பழுத்ததையே அனுப்பிவிடுவேன். அதை இதுவரை எந்த வியாபாரியும் செய்ததில்லை.

என் பேச்சை நம்பி வளப்பூர் நாட்டார் வேறு யாருக்கும் குலை வெட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இது நிலைத்துவிட்டால் உன்னையும் கூட்டாகப் போட்டுக்கொள்வேன். வைகாசியில் உன் அக்காள் மகள் அம்சவேணிக்கும் உனக்கும் முகூர்த்தம் வைக்கலாம். அவளுக்குப் பத்தொன்பது நடக்கிறது. நீ காலூன்றட்டும் என்றுதான் இத்தனை நாள் பொறுத்தோம்.

இப்படிக்கு,
அர்த்தனாரி


திருச்சி
தை 26

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு அருணாசலம் வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். அக்காளை மலை இறங்க வேண்டாம் என்று சொல்லவும்.

தாங்கள் கேட்டதை ஆபீசில் விசாரித்தேன். நேர் கோட்டில் பார்த்தால் கொழும்பு முந்நூறு மைலுக்குள் அடங்கிவிடும். ஆனால் சரக்கு நேரே போவதில்லை மாமா. தபால் பைக்குத்தான் முதல் இடம், பிறகு ஆட்கள். கூடைகளைச் சென்னைக்கு அனுப்பி, அங்கே போட்டு வைத்து, இடம் இருக்கிற விமானத்தில் மாற்றுவார்கள். மூன்றாம் நாள்தான் கொழும்பு. மழையோ மேகமோ வந்தால் அதுவும் நிச்சயமில்லை. ஆகையால் மரத்தில் பழுத்தது சரிப்படாது. தங்கள் அனுபவத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலை அதிகம். ராத்திரி அறைக்குத் திரும்ப நேரமாகிறது. வேறு விசேஷம் இல்லை.

தங்கள்,
அருணாசலம்


வளப்பூர் நாடு
மாசி 10

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். உன் கடிதத்தை உன் அக்காளுக்கு வாசித்துக் காட்டினேன். சுகமாக இருக்கிறாய் என்பதில் சந்தோஷம்.

மூன்று நாள் என்று நீ எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு முக்கால் முற்றலாக வெட்டச் சொல்லிவிட்டேன். சின்னான் குலையைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தான். "ஏனுங்க, அத்தனை ஒசரத்துல பறக்குதுங்கறீங்க, நம்ம தலைச்சுமைக்காரனை விட மெதுவாவா போகும்? சுமை எறக்கி வெக்க ஆகாசத்துல கல்லு கில்லு நட்டிருக்காங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எங்கள் அருணாசலம் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறான், நீ வெட்டு என்றேன்.

ஐந்து கூடை புளியஞ்சோலை வழியாக இறங்கி வருகிறது. துறையூர் பஸ்ஸில் உன் பேருக்கு வரும். பொறுப்பாக ஏற்றி அனுப்பு.

உன் அக்காள் ஒன்று சொல்கிறாள். உன் கடிதத்தில் அம்சவேணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையாம். ஆம்பிளைக்குக் கூச்சம் இருக்கும், விடு என்றேன். அடுத்த கடிதத்தில் ஒரு வரி போடு, அம்மாவும் மகளும் என்னை விடமாட்டேன் என்கிறார்கள்.

அர்த்தனாரி


திருச்சி
மாசி 28

மாமா அவர்களுக்கு வணக்கம். எல்லாரும் நலம் என்று நம்புகிறேன்.

சொல்லவே சங்கடமாக இருக்கிறது. கூடைகள் போய்ச் சேர்ந்தன. ஆனால் காளியண்ணனுக்குத் திருப்தி இல்லை. பழம் சப்பென்று இருந்ததாம், சுண்ணாம்பைத் தின்றது போல என்றாராம். வந்தவர்கள் இலையில் மிச்சம் வைத்துவிட்டார்களாம். இனி வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தாங்கள் மனம் வருந்த வேண்டாம். மிளகும் பலாவும் இருக்கையில் இந்த ஆகாய வியாபாரம் நமக்கு எதற்கு? மலையில் நிறுத்தி வைத்த குலைகளைச் சந்தைக்கு வெட்டிவிடச் சொல்லுங்கள்.

முகூர்த்த விஷயம், வைகாசிக்குள் எனக்கு லீவு கிடைக்காது போல் இருக்கிறது. ஆவணியில் பார்க்கலாம். அக்காளின் முழங்காலுக்கு ஒரு தைலம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்க்கவும்.

அருணாசலம்


வளப்பூர் நாடு
பங்குனி 6

கொழும்பு ஓட்டல் முதலாளி காளியண்ணன் அவர்களுக்கு, வளப்பூர் நாட்டு வியாபாரி அர்த்தனாரி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும் குடும்பமும் சுகம்தானே.

நான் அனுப்பிய பழம் தங்கள் இலையில் மிச்சம் விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். தலையில் உப்பு மூட்டை சுமந்து மலையேறி வியாபாரம் கற்றவன் நான். சரக்கு சரியில்லை என்று ஒரு ஆளும் சொன்னதில்லை, தாங்கள்தான் முதல். மூன்று நாள் வழி என்று முன்னதாக வெட்டினேன், அதுதான் ருசி கெட்டது. சமாதானம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனது இன்னது என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று எழுதுகிறேன். தங்களுக்கு ஆன நஷ்டத்தை மிளகில் கழித்துக்கொள்ளலாம்.

அர்த்தனாரி


கொழும்பு
பங்குனி 21

அன்புள்ள அர்த்தனாரி அவர்களுக்கு காளியண்ணன் வணக்கம். இங்கே எல்லாரும் நலம். கடல் காற்றில் எனக்குத்தான் சளி விடவில்லை.

சப்பென்றுதான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாவது கூடையில் அடியில், தனியாகச் சருகில் சுற்றி ஒரு சீப்பு இருந்தது. அது வேறு பழம்! மஞ்சள் தோலில் ஒரு புள்ளி இல்லை, ஒரு பழம்கூட நசுங்கவில்லை. அன்று சின்னான் தோட்டத்தில் தின்ற அதே ருசி. ஓட்டலுக்குக் கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டேன். என் பேத்தி கடைசிப் பழத்துக்கு அழுதாள். எல்லாக் கூடையும் அப்படி வந்தால் எனக்கு வேறென்ன வேண்டும்? வைகாசியிலிருந்து அப்படியே ஏற்பாடு செய்கிறேன் என்று அருணாசலம் எழுதியிருக்கிறார். தங்கள் வீட்டுப் பிள்ளை கெட்டிக்காரர். வியாபாரம் தொடர்ந்து நடக்கப்போகிறபோது தாங்கள் நஷ்டம் பற்றி எழுதியதுதான் எனக்கு விளங்கவில்லை.

காளியண்ணன்


வளப்பூர் நாடு
பங்குனி 29

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். தைலம் வந்தது. உன் அக்காள் இரண்டு வேளையும் தேய்க்கிறாள். மலையில் கோடை மழை ஒன்று பெய்தது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்னொரு தரம் ஆபீசில் விசாரி. அவசரம் இல்லை, நிதானமாக விசாரி. திருச்சியில் ஏற்றிய கூடை கொழும்பில் எப்போது இறங்குகிறது? யாரோ சொன்னதாக எழுதாதே, நீ பார்த்ததை எழுது. குலைகளை நான் இன்னும் சந்தைக்கு வெட்டச் சொல்லவில்லை.

பதிலுக்குப் புளியஞ்சோலைக்கு ஆள் அனுப்பி வைத்திருப்பேன்.

அர்த்தனாரி


திருச்சி
பிரமாதி வருஷம், சித்திரை 16

மாமா அவர்களுக்கு வணக்கம். வருஷப் பிறப்புக்கு வர முடியவில்லை, அக்காள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தாங்கள் மறுபடி கேட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் தினமும் கண்ணால் பார்க்கிறவன். மூன்று நாள்தான் மாமா. சில சமயம் நாலு. தங்களிடம் நான் ஏன் மாற்றிச் சொல்லப் போகிறேன்? தங்கள் சோறு தின்று வளர்ந்தவன். குலைகளை வெட்டிவிடுங்கள், வீணாகப் போகும்.

தேக சௌக்கியத்துக்கு எழுதவும்.

அருணாசலம்


வளப்பூர் நாடு
ஆனி 3

அருணாசலத்துக்கு,

உன் அக்காள் சுகம். அம்சவேணி சுகம். நானும் சுகம்தான். உன் கடிதத்துக்கு ஏன் இத்தனை நாள் பதில் இல்லை என்று நினைத்திருப்பாய். நினைக்கவில்லை என்றால் அதுவும் சரி.

ஐந்தாவது கூடையின் அடியில் ஒரு பழுத்த சீப்பு இருந்தது உனக்குத் தெரியாது. எனக்கே தெரியாது. காளியண்ணன் எழுதித்தான் தெரிந்தது. சின்னானைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். மலைக்காரர்கள் புது வழியில் சரக்கு அனுப்பினால், முதல் தடவை மரத்தில் பழுத்த ஒரு சீப்பைச் சாமிக்கென்று சுமைக்கு அடியில் வைப்பார்களாம். போய்ச் சேருகிற இடத்தில் யார் தின்கிறார்களோ அவர்கள் வாயால் சாமி தின்றதாகக் கணக்காம். "ஆகாச வழி யாரு போனது, எவரு கண்டது? அதான் வெச்சேனுங்க. உங்க கிட்டச் சொன்னா பழுத்தது நாறிப்போகும், எடுறான்னு சொல்லுவீங்கன்னு சொல்லலைங்க" என்றான்.

நாறிப் போயிருக்க வேண்டும், அருணாசலம். மலையிறங்கித் திருச்சி வரவே ஒன்றரை நாள். அதற்கு மேல் மூன்று நாள் கிடந்திருந்தால் அந்தச் சீப்பு காம்பு கழன்று, தோல் கறுத்து, மற்றக் காய்களையும் கெடுத்திருக்கும். ஒரு புள்ளிகூட இல்லை என்கிறார் அவர். காளியண்ணன் கடிதத்தை வீட்டில் வாசித்தபோது உன் அக்காள் பேத்தி அழுததற்குச் சிரித்தாள். அம்சவேணி சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கித் தானே ஒரு தரம் படித்தாள். "மூணு நாள் போன பழம் எப்படீங்கப்பா முழுசா இருந்துச்சு?" என்றாள். எனக்கும் அதே கேள்விதான். ஆனாலும் உன் மேல் உள்ள பாசத்தால் உன்னையே மறுபடி கேட்டேன். நீ சோற்றைச் சொல்லிப் பதில் எழுதினாய்.

வைகாசிக் கடைசியில் திருச்சிக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. திடல் வேலிக்கு இந்தப் பக்கம் புளிய மரத்தடியில் காலையிலிருந்து நின்றேன். கூடைகள் வண்டியில் வந்தன. எங்கள் பக்கத்து ஆட்கள் வாழைநாரால் கட்டுவார்கள். இந்தக் கூடைகளின் வாய் காட்டுக் கொடியால் கட்டியிருந்தது. நம் மலையிலேயே திண்ணனூர் நாட்டுக் கட்டு அது. மேலே மூடின சருகை மீறி வாசனை வந்தது, மரத்தில் பழுத்த வாசனை. கூடை இறக்கின ஆளிடம் இது கொழும்புக்கு என்றைக்குப் போய்ச் சேரும் என்று கேட்டேன். "என்னைக்கா? இப்ப ஏறினா மத்தியானச் சோத்துக்கு முந்தி அங்கே இலையில இருக்கும் பெரியவரே. ரெண்டு மணி நேரங்கூட முழுசா ஆவாது" என்றான். நடுவில் எங்கேயும் தங்காதா என்றேன். "நடுவுல என்ன சத்திரமா கட்டி வெச்சிருக்கு? கடலுங்க" என்று சிரித்தான்.

நீ பழ மண்டிக் குழந்தைசாமியோடு நின்றுகொண்டிருந்தாய். அவர் உன் தோளில் கை போட்டிருந்தார். வெள்ளைச் சட்டை உனக்கு நன்றாக இருந்தது. கூடைகளை எண்ணி ஏற்றிவிட்டு நீயும் அவரும் ஏதோ சொல்லிச் சிரித்தீர்கள். விமானம் எழும்பித் தெற்கே திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்தேன். கூப்பிட்டிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும். நான் கூப்பிடவில்லை.

இந்த வியாபாரத்தை நீ எடுத்துக்கொண்டது பெரிதில்லை. வியாபாரத்தில் இன்றைக்கு ஒருவன், நாளைக்கு ஒருவன். வளப்பூர் நாட்டார் என்னை நம்பிக் கத்தி வைக்காமல் நிறுத்தின குலைகள் மரத்திலேயே பழுத்து, அணிலும் வௌவாலும் தின்றன. அவர்கள் முகத்தில் நான் இந்த வருஷம் முழுக்க விழிக்க வேண்டும்.

அம்சவேணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "எத்தனை தூரம்னு கேட்டதுக்கே பொய் சொன்னவருங்க. நாளைக்கு எங்கிருந்து வாரீங்கன்னு நான் எப்படிக் கேக்கறது?" என்றாள். சேந்தமங்கலம் கருப்பண்ணன் மகனுக்குப் பேசிவிட்டோம். ஆவணி முதல் முகூர்த்தம். நம் வழக்கம் உனக்குத் தெரியும். பெண்ணை வெளியில் கொடுக்கும்போது முறைமாமன் வந்து சம்மதம் சொல்லி முதல் மாலை போட வேண்டும். உன் அக்காளுக்காகக் கேட்கிறேன், வந்து போட்டுவிட்டுப் போ. நான் சபையில் ஒன்றும் பேசமாட்டேன்.

அர்த்தனாரி


திருச்சி
ஆனி 24

மாமா அவர்களுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தாங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றதைப் படித்துவிட்டு நான் ஆபீசுக்குப் போகவில்லை. அறையிலேயே கிடந்தேன்.

மறுக்க ஒன்றும் இல்லை. குழந்தைசாமி கூட்டுக்குக் கேட்டார், சரி என்றேன். தங்களைக் கேட்டிருந்தால் இந்த வியாபாரத்தைத் தாங்களே என் கையில் கொடுத்திருப்பீர்கள். எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. இந்த மலையில் எந்த ஊருக்குப் போனாலும் அர்த்தனாரி மச்சினன் வந்திருக்கிறான் என்கிறார்களே தவிர, அருணாசலம் வந்தான் என்று ஒருவரும் சொன்னதில்லை. தாங்கள் கொடுத்ததை வாங்கி வாங்கி என் கைக்கு அலுத்துவிட்டது மாமா. ஒன்றாவது நானாக எடுத்ததாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அம்சவேணியிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஒன்றும் சொல்ல வேண்டாம். மாலை போட வருவேன். முந்தின நாளே வந்துவிடுவேன். அக்காளிடம் சொல்லவும்.

அருணாசலம்


வளப்பூர் நாடு
ஆவணி 15

அருணாசலத்துக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மழை மட்டும் விடவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் சேந்தமங்கலம் போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

முந்தின நாள் முழுக்க உன் அக்காள் இறக்கத்துப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சுமைக்காரன் ஏறி வரும்போதும் எழுந்து நின்றாள், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. உனக்கு எடுத்து வைத்த சோறு மறுநாள் காலையில் மாட்டுக்குப் போயிற்று. முகூர்த்த வேளையில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் தாய்மாமன் எங்கே, மாலையைப் போடச் சொல்லுங்கள் என்றார்கள். நான் வாயைத் திறக்கு முன்னே உன் அக்காள் தட்டிலிருந்து மாலையைக் கையில் எடுத்தாள். "எந் தம்பி திருச்சியில இருக்கறானுங்க. அங்கிருந்து வர மூணு நாளாகுமுங்க" என்றாள். அவளே மகள் கழுத்தில் மாலையைப் போட்டாள். பொம்பிளை போடுவதா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

நீ கல்யாணச் சீராக அனுப்பின கூடை நேற்று வந்து சேர்ந்தது. கூடவே இருந்த சீட்டில் 'மாமன் சீர்' என்று மட்டும் எழுதியிருந்தது. காட்டுக் கொடியால் கட்டின கூடை. இந்த மலையில் காய்த்து, திண்ணனூர் நாட்டு ஆட்கள் தலையில் உன்னிடம் இறங்கி, மறுபடியும் இந்த மலைக்கே ஏறி வந்திருக்கிறது. புளியஞ்சோலை ஓடையில் வெள்ளம், சுமைக்காரன் அக்கரையிலேயே காத்துக் கிடந்தானாம். திருச்சியிலிருந்து இங்கே வர நிஜமாகவே மூன்று நாள் ஆகிவிட்டது. பிரித்தபோது எல்லாம் கறுத்துக் கூழாகியிருந்தது. உன் அக்காள் ஒரு பழமாவது தேறுமா என்று அடி வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். அடியில் ஒன்றும் இல்லை.

சீர் அனுப்ப வேண்டும் என்று தோன்றியதே, அந்த மட்டும் சரி. ஆனால் மழைக் காலத்து வழி எப்படி என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முக்கால் முற்றலாக வெட்டச் சொல்லியிருப்பேன். வழியைப் பற்றி யார் கேட்டாலும் நான் உள்ளதைத்தான் சொல்வேன்.

உன் அக்காளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வா. சோறு இருக்கும். எத்தனை மணிக்குப் புறப்பட்டாய், வழியில் எங்கே தங்கினாய் என்று நான் கேட்கமாட்டேன். மழைக் காலம், வெந்நீர் குடி.

அர்த்தனாரி